கரைப்பானும் கைத்துப்பாக்கியும்: பாதுகாப்பு என்ற சொல்லின் வரலாறு

படைக்கலங்களின் வரலாற்றை எழுதியோர் போர்க்களங்களைப் பற்றியும் தளபதிகளைப் பற்றியும் விரிவாக எழுதினர். போர் ஓய்ந்த வேளையிலே சாதாரணப் படைவீரன் தன் துப்பாக்கியை எதனாற் கழுவினான் என்பதை அவர்கள் பெரிதும் பொருட்படுத்தவில்லை. பல்பகுதியத்தாற் செய்யப்பட்ட சட்டகத்தை உடைய கைத்துப்பாக்கிகளுக்குத் துப்புரவுக் கரைப்பான்கள் பாதுகாப்பானவையா என்ற வினா இன்று எழுப்பப்படுகின்றது. மேலோட்டமாக நோக்கின் இஃது இரசாயனவியலாருக்கே உரிய வினாவாகத் தோன்றும். ஆயினும் ‘பாதுகாப்பு’ என்ற சொல் காலந்தோறும் எதனைக் குறித்தது, யாரை மறந்தது என்று ஆராயப் புகும்போது அது வரலாற்று மாணவர்க்கும் உரிய வினாவாகி விடுகின்றது.

கந்தகமும் கரியும் வெடியுப்பும் கலந்த கருமருந்து வழங்கிய நூற்றாண்டுகளிலே துப்பாக்கியைத் துப்புரவு செய்யும் திரவம் நீரேயாகும். கருமருந்து எரிந்தபின் எஞ்சும் படிவிற் பெரும்பகுதி நீரிற் கரையக்கூடிய உப்புக்களாதலின், வெந்நீரை ஊற்றிக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசினாற் போதுமானதாயிருந்தது. 1884இல் பிரான்சியரான போல் வியேய் புகையற்ற வெடிமருந்தை உருவாக்கினார். 1886இல் பிரெஞ்சுப் படை லெபெல் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டதோடு அம்மருந்து போர்க்களத்துக்கு உரியதாயிற்று. கரிய படிவு குறைந்தது. எனினும், தூயதாகத் தோன்றிய குழல்கள் சில நாட்களிலேயே துருப்பிடித்தன.

இதன் காரணம் வெடிமருந்தில் இருக்கவில்லை. தோட்டாவின் அடியிலே அதனைத் தீமூட்டும் சிறு கலவையில் இருந்தது. அக்கலவையிலிருந்த பொற்றாசியம் குளோரேற்று எரிந்து பொற்றாசியம் குளோரைட்டாக மாறிக் குழலினுட் படிந்தது. நாம் உண்ணும் உப்பை ஒத்த இப்பொருள் காற்றின் ஈரத்தை ஈர்த்து எஃகை அரித்தது. முற்காலக் கருமருந்துப் படிவின் மிகுதியிலே கலந்து, அதனோடு நீரினாற் கழுவப்பட்டு வந்த உப்பு, இப்பொழுது தனித்து நின்று தன் வேலையைச் செய்தது. எண்ணெயில் உப்புக் கரையாது. ஆதலின் எண்ணெயை மட்டும் பூசியவன் துப்புரவு செய்தவனாகத் தன்னை எண்ணிக்கொண்டானேயன்றி, அரிப்பைத் தடுத்தவனாகவில்லை.

இச்சூழலிலேதான் தனித் துப்புரவுக் கரைப்பான்கள் தோன்றின. அமெரிக்காவிலே பிராங்க் ஒகஸ்ற் ஹொப் என்பார் 1903இல் உருவாக்கிய ‘ஒன்பதாம் இலக்க’க் கரைப்பான் இவற்றுட் புகழ்பெற்றது. அந்நாட்டின் பிராங்போர்ட் படைக்கலச்சாலையிலே வழங்கிய கலவையொன்றில் அசற்றோன், தெர்ப்பந்தைலம், மண்ணெண்ணெய் வகை, திமிங்கில எண்ணெய் ஆகியன சேர்ந்திருந்தன. எஃகுக் குழலையும் மரப்பிடியையும் உடைய கருவிக்கென அமைந்த கலவை அது. அசற்றோன் எஃகை யாதும் செய்யாது. மரத்தின் மெருகெண்ணெயில் மட்டும் கவனம் வேண்டும். அக்காலத்திற் பாதுகாப்பு என்பது துருவினின்று குழலைக் காத்தல் என்ற ஒரே பொருளை உடையதாயிருந்தது.

துப்புரவைப் புறக்கணித்தலும் உயிரைக் கொள்ளும் என்பதற்கு வியட்நாம் போர் சான்றாகும். அங்கே 1960களின் நடுப்பகுதியில் வழங்கப்பட்ட எம்-16 துப்பாக்கி, துப்புரவு அதிகம் வேண்டாத கருவி என்ற எண்ணத்தோடு படைவீரரிடம் சென்றது. துப்புரவுக் கருவிகள் போதியளவு அனுப்பப்படவில்லை. வெடிமருந்தின் வகை மாற்றப்பட்டமையால் படிவு மிகுந்தது. தோட்டா அமரும் அறைக்குக் குரோமியப் பூச்சும் இருக்கவில்லை. போரின் நடுவே துப்பாக்கிகள் சிக்கிக்கொண்டன, வீரர் மாண்டனர். 1967இல் அமெரிக்கக் காங்கிரசின் துணைக்குழுவொன்று இதனை விசாரித்துப் படை நிருவாகத்தைக் கடுமையாகக் குறை கூறிற்று.

இதற்கிடையே கருவியின் உடலும் மாறத் தொடங்கியிருந்தது. 1935இல் டியூபொன்ற் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் தலைமையிலான குழு ஆக்கிய நைலோன் 66 முதலிற் பற்றூரிகை நாராகவும் பெண்டிரின் காலுறையாகவும் மக்களிடையே அறிமுகமாயிற்று. 1959இல் ரெமிங்டன் நிறுவனம் நைலோன் உடலையுடைய துப்பாக்கியொன்றை வெளியிட்டது. 1970இல் மேற்கு ஜேர்மனியின் ஹெக்லர்-கோக் நிறுவனம் பல்பகுதியச் சட்டகமுடைய வீபீ-70 கைத்துப்பாக்கியைக் கொணர்ந்தது. 1982இல் காஸ்ரன் குளொக்கின் கைத்துப்பாக்கியை ஒஸ்திரியப் படை ஏற்றுக்கொண்டபின் இம்முறை உலகெங்கும் பரவிற்று.

‘பிளாஸ்டிக்’ என்ற ஒரு சொல்லே இதன்பின் குழப்பத்தை விளைத்தது. இத்துப்பாக்கி விமான நிலையக் கருவிகளின் கண்ணிற்படாது என்ற அச்சம் 1980களின் நடுவில் அமெரிக்காவில் எழுந்து, கண்டறிய இயலாத துப்பாக்கிகளைத் தடைசெய்யும் சட்டம் 1988இல் இயற்றப்படுவதற்கு வழிகோலியது. உண்மையில் குளொக்கின் குழலும் மேற்பாகமும் எஃகினாலானவை. அதன் எடையின் பெரும்பகுதியும் எஃகே. கரைப்பான் பற்றிய ஐயமும் இச்சொல்லிலிருந்தே பிறந்தது. அசற்றோனில் இளகும் பொலிஸ்ரைரீனும், தகைப்புற்ற நிலையிற் கரைப்பான் பட்டு வெடிக்கும் பொலிக்காபனேற்றும், நைலோனும் ஒரே பெயரால் அழைக்கப்படுகின்றன. அவற்றின் இயல்போ வேறு. நைலோன் 66 எண்ணெய்கள், மண்ணெண்ணெய், அற்ககோல், அசற்றோன் ஆகியவற்றைத் தாங்கும். பீனோலும் போமிக்கமிலமும் வன்மையான கனிப்பொருளமிலங்களும் அதனைத் தாக்கும். ஆகவே, நைலோன் சார்ந்த சட்டகத்துக்குத் துப்பாக்கிக்கென விற்கப்படும் வழமையான கரைப்பான்கள் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. எனினும் நெடுநேரம் ஊறவிடுதல் தகாது. பிடியின் இறப்பர் உறையும் குறிகாட்டியின் நிறப்பூச்சும் வேறு பொருளாதலின் அவற்றுக்கு வேறு விடை உண்டு. எந்தப் பல்பகுதியம், எந்தக் கரைப்பான் என்ற இரண்டையும் கேளாது கூறப்படும் விடை எதுவும் விடையாகாது.

வினா இத்துடன் முடிந்ததெனக் கொள்வோர் அதன் முதன்மையான பகுதியை விட்டுவிடுகின்றனர். பென்சீன் நைலோனைக் கரைப்பதில்லை. ஆனால் மனிதரிடத்தே குருதிப் புற்றுநோயை உண்டாக்குகின்றது. உலோகத்தின் எண்ணெய்ப்பசையை நீக்கவும் ஆடைகளை உலர்சலவை செய்யவும் நெடுங்காலம் பயன்பட்ட காபன் நாற்குளோரைட்டு ஈரலைச் சிதைப்பதாகும். அமெரிக்காவில் வீட்டுப் பாவனைப் பொருள்களில் அது 1970இலேயே தடைசெய்யப்பட்டது. இதனினும் சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. 1920களில் அரிக்கும் குளோரேற்றை நீக்கிவிட்டு ஈயச் சேர்வையைக் கொண்ட எரியூட்டிகள் புகுத்தப்பட்டன. துரு நீங்கியது, குழல் பிழைத்தது. ஆனால் ஒவ்வொரு வெடிப்பின்போதும் ஈயத்துகள் படிந்தது. அதைத் துடைப்பவனின் விரல்களிலும் துணியிலும் அது ஒட்டிக்கொண்டது. கருவியின் நோயைத் தீர்த்த மருந்து கருவியைத் துடைத்தவனுக்கு நோயாயிற்று.

நூறாண்டுக்கு மேற்பட்ட இவ்வரலாற்றில் முதலில் எஃகின் நலமும் பின்னர் நைலோனின் நலமும் ஆராயப்பட்டன. துடைக்கும் கையின் நலம் மிகப் பிந்தியே கணக்கில் எடுக்கப்பட்டது. இதனை வெறும் தற்செயல் எனத் தள்ளிவிடல் இயலாது. துருப்பிடித்த குழலுக்கு விலை உண்டு. ஆதலால் அதன் சேதம் உடனே கணக்கிடப்பட்டது. கரைப்பானின் ஆவியைச் சுவாசித்த படைவீரனதும் பட்டறைத் தொழிலாளியினதும் நோயோ ஆண்டுகள் பல கழிந்தே வெளிப்பட்டது. அப்பொழுது அதற்குப் பொறுப்பேற்பார் எவரும் இலர். பாதுகாப்பானதா என்ற வினாவுக்கு முன்னால் ‘எதற்கு’ என்பதோடு ‘யாருக்கு’ என்பதையும் சேர்த்துக் கேட்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் பாடம். காற்றோட்டமுள்ள இடமும் கையுறையும் வேலை முடிந்தபின் கைகழுவுதலும் எளிய செயல்களே. அவை விதிகளாக எழுதப்படுவதற்கு ஏன் இத்தனை காலம் வேண்டியிருந்தது என்பதே எளிதில் விடை காணவியலாத வினா.