தரைக்கு மேலே ஒன்பது சென்டிமீட்டர்: அமெரிக்கச் சந்தையில் சிறிய ஹேட்ச்பேக்

ஒரு வண்டி காரா, டிரக்கா என்பதை அமெரிக்காவில் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அளவுகோல் எடுத்து அடியில் குனிய வேண்டும். நான்கு சக்கரங்களுக்கும் இழுவை செல்லும் வண்டியானால், விதி ஐந்து அளவுகளைக் கேட்கிறது: முன்புற ஏறுகோணம் 28 பாகை, அடிவயிறு தட்டாமல் மேட்டைக் கடக்கும் கோணம் 14 பாகை, பின்புற இறங்குகோணம் 20 பாகை, தரை இடைவெளி 20 சென்டிமீட்டர், இரண்டு அச்சுகளின் கீழும் 18 சென்டிமீட்டர். இவற்றில் நான்கு தேறிவிட்டால் எரிபொருள் சிக்கன விதியின் கணக்கில் அது ‘இலகு டிரக்’. கார்களைவிடத் தளர்வான மைலேஜ் இலக்கு அதற்குக் கிடைக்கும். அதில் சுமை ஏற்றுகிறார்களா, பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறார்களா என்பதை இந்த வழியில் யாரும் கேட்பதில்லை.

சுபாருவின் இம்ப்ரெஸா, கிராஸ்டிரெக் இரண்டையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள். அடித்தளம் ஒன்று, சக்கர இடைத்தூரம் ஒன்று, பின்கதவைத் தூக்கினால் தெரியும் உட்புறமும் ஏறக்குறைய ஒன்றே. இம்ப்ரெஸாவின் தரை இடைவெளி சுமார் 13 சென்டிமீட்டர். கிராஸ்டிரெக்கினுடையது சுமார் 22. இந்த ஒன்பது சென்டிமீட்டரும் சக்கர வளைவுகளைச் சுற்றிய கறுப்பு பிளாஸ்டிக்கும்தான் வெளிப்படையான வேறுபாடு. முன்னது ஹேட்ச்பேக் கார். பின்னதை அரசின் எரிபொருள் பட்டியலே ‘சிறு எஸ்யூவி’ என்கிறது. 2024இல் கிராஸ்டிரெக் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் விற்றது. இம்ப்ரெஸா அதில் கால்பங்கைக்கூட எட்டவில்லை. இந்த உத்தி புதிதும் அன்று. 2005ஆம் ஆண்டு மாடல் அவுட்பேக்கைச் சற்றே உயர்த்தி டிரக் வகைக்குள் கொண்டுபோக சுபாரு முனைந்தது 2004இலேயே செய்தியானது.

அமெரிக்கச் சந்தையில் ஹேட்ச்பேக் அழிகிறது என்று பொதுவாகச் சொல்வது, ஆகவே, பாதி உண்மைதான். பின்கதவு மேலே திறக்கும் அந்த ஐந்து கதவு உடலமைப்பு அங்கே வெற்றிவாகை சூடியிருக்கிறது. உயரத்தைக் கூட்டிப் பெயரை மாற்றிக்கொண்டது, அவ்வளவே. அழிந்துகொண்டிருப்பது ‘சிறிய’ என்ற அடைமொழிதான். அதை வாங்குபவரின் ரசனை மட்டும் அழிக்கவில்லை; சட்டத்தின் வகைப்பாடும் விலைக் கணக்கும் சேர்ந்தே அழித்தன என்பது என் வாதம்.

ரசனைக்கு உரிய பங்கை மறுப்பதற்கில்லை. மலிவான பெட்ரோல், அகன்ற சாலை, நெடுந்தூரப் பயணம் ஆகிய மூன்றும் சிறிய காருக்கு எதிரான சாட்சிகள். சிறிய கார் ஆபத்தானது என்ற அச்சமும் வெறும் கற்பனை அன்று. நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டுக் கழகம் வெளியிட்ட ஓட்டுநர் இறப்பு விகிதப் பட்டியலில் மிட்சுபிஷி மிராஜ் என்ற சிறிய கார் மோசமான முன்வரிசையில் நின்றது. எதிரே வருவது இரண்டரை டன் பிக்கப் என்றால் இயற்பியல் யாருக்கும் சலுகை காட்டாது. ஆனால் அந்தப் பிக்கப்புகள் ஏன் அவ்வளவு பெருகின என்று கேட்டால், மறுபடியும் சட்டப் புத்தகத்தைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.

வரலாற்றில் அதே சட்டம் சிறிய காருக்கு வளர்ப்புத் தாயாகவும் இருந்திருக்கிறது. 1973 எண்ணெய்த் தடையை அடுத்து 1975இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய எரிசக்திச் சட்டம், ஒரு நிறுவனம் விற்கும் கார்களின் சராசரி மைலேஜுக்கு இலக்கு வைத்தது; 1985க்குள் காலனுக்கு 27.5 மைல். சராசரி என்பதால், பெரிய செடான் விற்று லாபம் பார்க்க விரும்பியவர், தராசின் மறுதட்டில் வைக்கச் சிறிய கார்களையும் விற்றாக வேண்டும். ஃபோக்ஸ்வாகன் தன் ரேபிட்டை 1978இல் பென்சில்வேனியாவிலேயே தயாரிக்கத் தொடங்கியது. 1979, 1980 ஆண்டுகளில் அமெரிக்காவில் அதிகம் விற்ற சிறிய கார் செவ்ரோலே செவெட். அது அழகான வண்டி என்று யாரும் சொன்னதில்லை; கணக்கை நேர்செய்ய வந்த எடைக்கல்.

2007இன் புதிய எரிசக்திச் சட்டத்தைத் தொடர்ந்து வந்த விதிகள் இந்த ஏற்பாட்டைக் குலைத்தன. இலக்கு இனி வண்டியின் ‘தடப்பரப்பை’ப் பொறுத்தது, அதாவது சக்கர இடைத்தூரத்தை இடவலச் சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தால் பெருக்கி வரும் பரப்பு. பரப்பு பெரிதானால் இலக்கு தளரும். பரப்பையும் இலக்கையும் இணைக்கும் வளைவின் சிறிய முனையில் சுமார் 41 சதுர அடிக்குக் கீழே எல்லா வண்டிக்கும் ஒரே இலக்கு, அதுவே மிகக் கடுமையானது. 2012இல் கேட் ஒய்ட்ஃபுட், ஸ்டீவன் ஸ்கெர்லோஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வு, இந்த அமைப்பு வண்டிகளைப் பெரிதாக்க வடிவமைப்பாளர்களுக்கு ஊக்கம் தருகிறது என்று காட்டியது. சிறிய கார் எடைக்கல்லாக இருந்த காலம் அத்தோடு முடிந்தது.

மிச்சம் விலைக் கணக்கு. இதற்கு ஹோண்டா ஃபிட்டைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. பெட்ரோல் டாங்கை முன் இருக்கைகளுக்கு அடியில் நகர்த்தியதால் பின்தளம் தாழ்ந்தது. பின் இருக்கையின் அடிப்பலகையை மேலே மடித்துவிட்டால் தொட்டியோடு ஒரு செடியை நிமிர்ந்தவாக்கில் ஏற்றலாம். நான்கு மீட்டரைச் சற்றே தாண்டிய வண்டிக்கு இது பெரிய சாதனை. மெக்சிகோவின் செலாயா ஆலையில் அதே அடித்தளத்தில், அதே டாங்க் அமைப்போடு, அதே இருக்கையோடு ஹெச்ஆர்-வி என்ற உயர்த்திய வண்டியும் தயாரானது. காற்றுப்பைகளும் பின்நோக்குக் கேமராவும் இரண்டுக்கும் ஒன்றே. விற்கும் விலையில் மட்டும் ஆயிரக்கணக்கான டாலர் வித்தியாசம். எந்தக் கணக்குப்பிள்ளையும் ஃபிட்டைத்தான் நிறுத்தச் சொல்வார். 2020இல் அமெரிக்க விற்பனை நின்றது. மலிவாகக் கார் தேடுபவருக்கு மூன்று வயதுப் பழைய பெரிய வண்டி அதே பணத்தில் கிடைத்ததும் சேர்ந்துகொண்டது.

மற்றவற்றை விரித்துச் சொல்லத் தேவையில்லை. ஃபோர்டு ஃபியஸ்டா 2019, டொயோட்டா யாரிஸ் 2020, செவ்ரோலே ஸ்பார்க் 2022. தாய்லாந்திலிருந்து மூன்று சிலிண்டர் எஞ்சினோடு வந்த மிராஜ் கடைசியாக விடைபெற்றது.

இவற்றில் ஃபியஸ்டாவின் கதை நம் வாசலுக்கே வருகிறது. அதன் அடித்தளத்தில் உருவான ஈகோஸ்போர்ட் சென்னையை அடுத்த மறைமலைநகரில் தயாராகி, கப்பலேறி, 2018 முதல் அமெரிக்காவில் விற்றது. ஹேட்ச்பேக்கை விலக்கிக்கொண்டு, அதன் உயர்ந்த தம்பியை மட்டும் அதே நிறுவனம் கடைவிரித்தது. இதில் ஆய்வாளர் கவனிக்க ஒன்று உண்டு: இந்தியாவில் நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறிய எஞ்சின் வண்டிக்கு வரி குறைவு, அதனால் இங்கே வடிவமைப்பாளர்கள் நீளத்தைச் செதுக்கினார்கள். அமெரிக்காவில் விதி நீளத்தைத் தண்டித்ததில்லை, உயரத்துக்குப் பரிசு கொடுத்தது.

2025 இந்தக் களத்தை மீண்டும் கலைத்துப்போட்டது. ஏப்ரலில் இறக்குமதிக் கார்களுக்கு 25 விழுக்காடு கூடுதல் வரி. ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் பின்னர் அது 15 ஆனது. மெல்லிய லாபத்தில் ஓடும் மலிவுக் கார்தான் இதில் முதலில் மூச்சுத்திணறும். ஜூலையில் வந்த சட்டம் மைலேஜ் இலக்கைத் தவறவிடுவோருக்கான அபராதத்தைச் சுழியமாக்கியது. விதியின் சுமை நீங்கியதால் சிறிய கார் திரும்பும் என்று சிலர் நம்பலாம், நான் நம்பவில்லை. அபராதம் இருந்தவரை சிக்கனமான வண்டிக்குத் தராசில் ஏதோ ஓர் எடை இருந்தது. இப்போது அதுவும் இல்லை. டிசம்பரில் அதிபர் டிரம்ப் ஜப்பானின் ‘கெய்’ வகைக் குட்டிக் கார்களை அமெரிக்காவிலேயே தயாரிக்க இசைவு தருவதாக அறிவித்தார். 3.4 மீட்டர் நீளமும் 660 சிசி எஞ்சினும் உள்ள வண்டியை அமெரிக்க மோதல் விதிகளுக்கு ஏற்ப மாற்றினால் அது கெய்யாக மிஞ்சாது. லாபமில்லை என்று ஃபிட்டையே கைவிட்ட தொழில் இதைத் தொடும் என்பதற்குக் காரணமும் தெரியவில்லை.

சிவிக், கொரோலா, மஸ்டா 3, இம்ப்ரெஸா ஆகியவை ஹேட்ச்பேக்குகளாக இன்னும் சில காலம் நிற்கும். ஆனால் இன்றைய சிவிக் ஹேட்ச்பேக்கின் நீளம் நாலரை மீட்டருக்கு மேல். அதைச் சிறியது என்பது வழக்கத்தால் வந்த மரியாதை. நான்கு மீட்டருக்குள் அமெரிக்கக் காட்சியறைகளில் எஞ்சியிருப்பவை முக்கியமாக மூன்று கதவு மினியும் மின்சார ஃபியட் 500-உம்தான். இரண்டும் 30,000 டாலர் வட்டாரத்தில் விற்கின்றன.