261: பழைய பிக்கப்புக்குப் பெரிய இன்ஜின் வந்த கதை

செவ்ரோலே நிறுவனம் 1947 கோடையில் 'அட்வான்ஸ் டிசைன்' என்ற புது வரிசை லாரிகளை இறக்கியபோது, அவற்றில் புதிதாக இருந்தது உடம்புதான். உருண்ட பானட், முகத்தில் குறுக்காக ஐந்து பட்டைகள், மூன்று பேர் தாராளமாக உட்காரக்கூடிய கேபின். பானட்டைத் தூக்கினால் உள்ளே 1937-இல் வந்த அதே ஆறு சிலிண்டர் இன்ஜின். 216.5 கன அங்குலம், அதாவது மூன்றரை லிட்டர், 90 குதிரைத்திறன். அரை டன் பிக்கப்பான 3100-க்கும் இதுதான்.

பழைய பிக்கப்புக்குப் பெரிய இன்ஜின் மாட்டுவது இன்று அமெரிக்காவில் ஒரு தனிக் கலை. வேகப் பித்திலிருந்துதான் அது பிறந்தது என்று பலரும் சொல்வார்கள். கார்களுக்கு அது பொருந்தலாம். பிக்கப்பைப் பொறுத்தவரை, கதை அந்த 216-இன் ஆயில் சம்புக்குள் தொடங்குகிறது என்பதே என் எண்ணம்.

அந்த இன்ஜினில் கிராங்க்ஷாஃப்ட்டைத் தாங்கும் மெயின் பேரிங்குகளுக்கு ஆயில் பம்ப் எண்ணெய் அனுப்பும். கனெக்டிங் ராடுகளுக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு ராடின் அடியிலும் சின்னக் கரண்டி போல ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கும். அதன் கீழே எண்ணெய் நிரம்பிய ஒரு பள்ளம். ராட் சுற்றிவரும்போதெல்லாம் அந்த முனை எண்ணெயை அள்ளித் தன் பேரிங்குக்குள் தள்ளும். வேகம் கூடினால், பக்கத்திலிருந்து ஒரு குழாய் அந்த முனையை நோக்கி எண்ணெயைப் பீய்ச்சும். பேரிங்கும் கழற்றி மாட்டும் ஷெல் அல்ல. பேபிட் என்ற மென்மையான உலோகக் கலவையை உருக்கி ராடிலேயே வார்த்துக் கடைந்திருப்பார்கள். தேய்மானம் வந்தால், இடையில் வைத்திருக்கும் மெல்லிய ஷிம் தகடு ஒன்றை உருவிவிட்டு மறுபடி முறுக்க வேண்டியதுதான். கருவிப்பெட்டி வைத்திருந்த விவசாயி தன் கொட்டகையிலேயே இதைச் செய்துகொள்ள முடிந்தது. பால் கேன்களையும் வைக்கோல் கட்டுகளையும் ஏற்றிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போய்வருகிற வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. அதை வடிவமைத்தவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

சாலை மாறியதுதான் சிக்கல். சுமை இழுப்பதற்காக 3100-இன் பின் அச்சில் 4.11 விகித கியர் வைத்திருந்தார்கள். அந்தக் கியரோடு மணிக்கு 60 மைல் ஓட்டினால், இன்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,000 சுற்று சுற்றும். அது முழுச் சக்தியைத் தருவதே 3,300 சுற்றில். ஏறக்குறைய அந்த எல்லையிலேயே மணிக்கணக்கில் ஓடினால், அள்ளிப் போடும் எண்ணெய் போதாது. பேபிட் நொறுங்கி, ராட் தட்டத் தொடங்கும். 1956-இல் அமெரிக்கா 41,000 மைல் நீளத்துக்கு இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகள் போடச் சட்டம் இயற்றியது. வண்டியின் உடம்பு இன்னும் பல்லாண்டு உழைக்கும். இன்ஜினால் அந்தச் சாலையில் தாக்குப்பிடிக்க முடியாது. அப்படியானால் இன்ஜினைத்தானே மாற்ற வேண்டும்?

முதல் வழியைப் போர் திறந்துவிட்டிருந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைக்குச் சரக்குச் சுமந்த ஜிஎம்சி இரண்டரை டன் லாரிகள் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாராயின. அவற்றில் இருந்தது 270 கன அங்குல ஆறு சிலிண்டர் இன்ஜின். ராடுகளுக்கும் பம்ப் அழுத்தத்திலேயே எண்ணெய் போகும். போர் முடிந்ததும் உபரிச் சரக்காக வந்த இந்த இன்ஜின்களைக் கலிபோர்னியாவின் பந்தயப் பையன்கள் ஆசையோடு எடுத்துக்கொண்டார்கள். செவ்ரோலே இன்ஜினுக்கு இது தூரத்து உறவுதான். நீளம் அதிகம் என்பதால் ரேடியேட்டரை முன்னுக்குத் தள்ள வேண்டும், தகட்டை வெட்ட வேண்டும். பந்தயக்காரருக்கு அது சரி. திங்கட்கிழமை காலை வண்டியை வேலைக்கு எடுத்தாக வேண்டியவருக்குச் சரிப்படாது.

அவருக்கான இன்ஜின் செவ்ரோலே வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. 1954-இல் அரை டன் பிக்கப்புக்கே 235 கன அங்குல இன்ஜின் கிடைத்தது. இதில் ஷெல் பேரிங், முழு அழுத்த எண்ணெய். அதே ஆண்டு இரண்டு டன் லாரிகளுக்கு 'ஜாப்மாஸ்டர்' என்ற பெயரில் 261 கன அங்குல இன்ஜினும் வந்தது. பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம் 235-இல் உள்ள அதே அளவு. சிலிண்டரின் உள்விட்டம் மட்டும் மூன்றே முக்கால் அங்குலமாகப் பெருத்தது. சக்தி 135 குதிரைத்திறன். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே 235 உட்காரும் இடத்தில் 261-உம் உட்காரும். 216-ஐ இறக்கிவிட்டு அந்த இடத்தில் 261-ஐ ஏற்றியபோது, பிக்கப்புக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சக்தி வந்தது. பானட் மூடிவிட்டால் வெளியே ஒரு மாற்றமும் தெரியாது.

சின்னச் சின்ன முரண்டுகள் இருந்தன. 1955 முதல் வந்த இன்ஜின்களில் தண்ணீர் பம்ப் நீளமாகி, கீழேயும் இறங்கியது; பழைய பிக்கப்பில் அப்படியே வைத்தால் ஃபேன் ரேடியேட்டரில் இடிக்கும். இடையில் ஒரு தகடு கொடுத்து, பழைய குட்டைப் பம்பை மேலே தூக்கி மாட்டினார்கள். பழைய 6 வோல்ட் வண்டிக்கும் புதிய 12 வோல்ட் வண்டிக்கும் ஃப்ளைவீல் பற்களின் எண்ணிக்கை வேறு. ஸ்டார்ட்டரையும் ஃப்ளைவீலையும் ஜோடி பிரிக்கக் கூடாது. இன்னொன்று நுட்பமானது. 261-இல் சிலிண்டர்கள் ஜோடி ஜோடியாக ஒட்டி நிற்பதால், இடையில் சேரும் நீராவி வெளியேற பிளாக்கில் சிறு துளைகள் இருக்கும். 235-இன் ஹெட்டில் அவை இல்லை. அந்த ஹெட்டை 261 மேல் வைக்கிறவர் துளை போடாமல் விட்டால், நீராவி அடைபட்டு அந்த இடம் கொதிக்கும். இதையெல்லாம் பட்டறைக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லியே பரப்பினார்கள்.

பிறகு வந்த V8 கதை பலருக்கும் தெரிந்தது. செவ்ரோலே பொறியாளர் எட் கோல் தலைமையில் உருவாகி 1955-இல் வந்த 265 கன அங்குல V8, ஆறு சிலிண்டர் 235-ஐவிட ஏறக்குறைய 18 கிலோ எடை குறைவு. 1967-இல் அது 350 கன அங்குலமாக வளர்ந்தபோதும், பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்களின் மையங்களுக்கு இடையிலான 4.4 அங்குலம் மாறவில்லை. வெளி அளவும் பெரிதாகக் கூடவில்லை. பெரிய இன்ஜின் என்றாலே V8 என்றாகிவிட்டது.

ஆனால் V8 ஏற்றுகிறவர் இன்ஜினோடு நிற்க முடியாது. 1954 வரையிலான அரை டன் பிக்கப்பில் டிரைவ்ஷாஃப்ட் ஒரு தடித்த குழாய்க்குள் ஓடுகிறது. அதுதான் பின் அச்சின் உந்துதலையும் தாங்குகிறது. V8-க்கு ஏற்ற வேறு கியர்பாக்ஸ் வைத்தால் அந்தக் குழாயும் அச்சும் போக வேண்டும். 261 அந்த எதையும் தொடச் சொல்வதில்லை. இன்றைக்கும் அதை விரும்பித் தேடுகிறவர்கள் இருப்பதற்கு இதுவே காரணம்.

எந்த இன்ஜினை ஏற்றினாலும் பிரேக்கை மறக்கக் கூடாது. அந்த பிக்கப்பின் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடிப் பலகைக்குக் கீழே, அழுக்கு படும் இடத்தில் இருக்கிறது. நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து ஒரே சுற்று. எங்கே ஒரு குழாய் விட்டாலும் நான்கும் போகும். 90 குதிரைத்திறன் காலத்து ஏற்பாடு அது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் முதலில் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரை மாட்டி, வெற்றுச் சாலையில் ஓட்டி நிறுத்திப் பார்க்கிறார்கள். இன்ஜினைத் தூக்கும் சங்கிலி அதற்குப் பிறகுதான் பட்டறைக்குள் வரும்.