பைத்தியம் தெளிந்தபோது எழுதிய நகைச்சுவை

"டாக்டர், இவன் இனிமே பழையபடி ஆயிடுவானா? வேலைக்குப் போவானா?"

மனநல சிகிச்சையில் இருக்கும் பிள்ளையைக் கூட்டி வரும் பெற்றோர் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பல நேரம் நான் அவங்களுக்கு ஒரு எழுத்தாளரைப் பத்திதான் சொல்வேன். இன்னைக்கு உங்களுக்கும் சொல்றேன்.

வைக்கம் முகம்மது பஷீர். 1908-ல் வைக்கத்துக்குப் பக்கத்தில் தலையோலப்பறம்பில் பிறந்தவர். அப்பா மர வியாபாரி. பள்ளிப் படிப்பை விட்டுட்டு சுதந்திரப் போராட்டத்துக்குப் போனார். 1930 உப்பு சத்தியாகிரகத்துக்காகக் கோழிக்கோடு போய்க் கைதாகி, கண்ணூர் சிறையில் இருந்தார்.

வெளியே வந்த பிறகு பல வருஷம் நாடோடி வாழ்க்கை. சமையல்காரர், பழ வியாபாரி, கைரேகை பார்ப்பவர் என்று பார்க்காத வேலையில்லை. 1940களில் திருவிதாங்கூர் அரசு மறுபடி சிறையில் போட்டது. அந்தத் திருவனந்தபுரம் சிறைதான் பின்னாளில் 'மதிலுகள்' ஆனது. அடூர் கோபாலகிருஷ்ணன் அதைப் படமாக எடுக்க, பஷீராக நடித்தவர் மம்மூட்டி.

1944-ல் 'பால்யகாலசகி' வந்தது. மலையாள இலக்கியம் அதுவரை பண்டிதர் மொழிக்குக் கொடுத்த இடத்தை, வீட்டுக்குள் முஸ்லிம் குடும்பங்கள் பேசிய பேச்சுக்கும் கொடுத்தார். இலக்கணம் தெரியலையேன்னு கேலி பண்ணினவங்களையும் சிரிச்சே கடந்தார்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வருவோம்.

1954. புகழின் உச்சியில் இருந்தபோது பஷீருக்கு மனநோய் வந்தது. கேரளத்தில் வைத்தியர் ஒருவரிடம் தங்கி சிகிச்சை எடுத்தார். இது என்ன நோய் என்று இவ்வளவு வருஷம் கழித்துப் பெயர் வைப்பது சரியில்லை. அதை நான் செய்யப் போவதில்லை.

ஒன்று மட்டும் யோசிச்சுப் பாருங்க. மனநோய்க்கான முதல் நவீன மருந்தான குளோர்புரோமசின், பாரிஸில் நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டதே 1952-ல்தான். அந்தக் காலத்தில் நோய் வந்தால் பல குடும்பங்கள் செய்தது ஒன்றே ஒன்று: ஒளித்து வைப்பது.

பஷீர் ஒளிக்கவில்லை. அந்த நாட்களில் எழுதியதுதான் 'பாத்துமாவின் ஆடு'. 1959-ல் புத்தகமாக வந்தபோது, சிகிச்சையில் இருந்தபோது எழுதியது இது என்று முன்னுரையில் அவரே சொல்லிட்டார்.

கதையில் என்ன இருக்கு தெரியுமா? அம்மா, தம்பிகள், தங்கைகள், குழந்தைகள் என நிரம்பி வழியும் வீடு. எல்லோரும் அவரிடம் காசு கேட்பார்கள். தங்கையின் ஆடு அவருடைய புத்தகங்களையே தின்னும். விழுந்து விழுந்து சிரிப்பீங்க.

பிறகு திருமணம் செய்தார், பேப்பூரில் குடியேறினார். நோய் மறுபடி ஒருமுறை வந்தது, அதிலிருந்தும் மீண்டார். 1970-ல் சாகித்ய அகாதமி ஃபெல்லோஷிப், 1982-ல் பத்மஸ்ரீ. 1994-ல் மறையும்வரை அவர் 'பேப்பூர் சுல்தான்'தான்.

நோய் அவருடைய திறமைக்குக் காரணமில்லை. தயவுசெய்து அப்படி நினைக்காதீங்க. நோயையும் மீறி எழுதினார். அவரைச் சுற்றி ஒரு வீடு இருந்தது. நோயாளி என்று ஒதுக்காமல், காசு கேட்டு நச்சரித்த வீடு!

உங்க வீட்டில் யாருக்காவது இப்படி இருந்தால், ஒளிக்காதீங்க. இன்று நல்ல மருந்துகள் இருக்கு. மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீங்க. பேச வேண்டுமானால் அரசின் இலவச உதவி எண் 14416.

குளச்சல் மு. யூசுப் பஷீரின் பல நூல்களைத் தமிழில் தந்திருக்கிறார். அவசியம் படிங்க.