108 வண்டியின் மருத்துவ உதவியாளர்: காவிரிப் படுகையில் ஒரு தொழிலும் அதன் பதிவும்

தஞ்சை வட்டாரத்துச் சிற்றூர்களில் நோயாளியை முதலில் தொட்டவர் பெரும்பாலும் மருத்துவராக இருந்ததில்லை. பேறு பார்த்த மருத்துவச்சி, மருந்து கலக்கிக் கொடுத்த கம்பவுண்டர், இன்று 108 வண்டியில் வந்து இறங்கும் மருத்துவ உதவியாளர் என அந்த இடத்தில் ஆட்கள் மாறிவந்துள்ளனர். இவர்கள் எல்லோருக்கும் வேலை முன்னும் சட்டப்படியான பதிவு பின்னுமாகவே வந்தன. பதிவு வந்தபோது அதுவரை ஈட்டிய பட்டறிவு எவ்வாறு மதிக்கப்பட்டது என்பதே அவரவர் தொழிலின் போக்கைத் தீர்மானித்தது.

சென்னை மாகாணத்தில் மருத்துவர்களுக்கான பதிவுச் சட்டம் 1914இலும், செவிலியர், பேறுகால உதவியாளர் ஆகியோருக்கான சட்டம் 1926இலும் வந்தன. பதிவு என்பது, தகுதியுடையோரின் பெயர்களை ஒரு மன்றம் ஏட்டில் சேர்த்து, தவறு செய்வோரை அதிலிருந்து நீக்கும் அதிகாரத்தையும் தன்னிடமே வைத்துக்கொள்ளும் ஏற்பாடாகும். பயிற்சிச் சான்று பெற்றவர்கள் அந்த ஏட்டில் இடம்பெற, தாய்வழியாகத் தொழில் கற்ற கிராமத்து மருத்துவச்சி வெளியே நின்றார். 1948ஆம் ஆண்டின் மருந்தாளுநர் சட்டமோ வேறு வழியில் சென்று, மருத்துவமனையிலோ மருந்தகத்திலோ ஐந்தாண்டுக்குக் குறையாமல் மருந்து கலக்கிய பணியையே முதற்பதிவுக்குரிய தகுதிகளுள் ஒன்றாக ஏற்றது. கம்பவுண்டர் பலரை இந்த ஒரு விதி காப்பாற்றியது.

அவசர ஊர்திப் பணி இவ்வட்டாரத்திற்கு மிகத் தாமதமாகவே வந்து சேர்ந்தது. 2004 ஜூலை 16இல் கும்பகோணம் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகள் மாண்டபோதும், அதே ஆண்டு டிசம்பர் 26இல் நாகப்பட்டினக் கடற்கரையை ஆழிப்பேரலை அழித்தபோதும், ஒரே எண்ணில் அழைத்தால் பயிற்சி பெற்றவருடன் வண்டி வரும் ஏற்பாடு தமிழகத்தில் இல்லை. ஐதராபாத்தில் 2005இல் தொடங்கிய இ.எம்.ஆர்.ஐ. நிறுவனத்துடன் சேர்ந்து தமிழக அரசு 2008 செப்டம்பரில் 108 சேவையைத் தொடங்கிய பின்னரே ஓட்டுநர் ஒருவரும் மருத்துவ உதவியாளர் ஒருவரும் கொண்ட வண்டிகள் ஊர்களுக்கு வரலாயின.

படுகையின் நிலமே இப்பணிக்குத் தனித்தன்மை தருகிறது. வாய்க்கால் கரையோடு வண்டி நின்றுவிட, வரப்பின் மேல் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிச் செல்ல வேண்டிய வயல்வெளிகள் இங்கு உண்டு. தரையில் படுத்துறங்குபவரை இரவில் கட்டுவிரியன் தீண்டினால், வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரியாமலே இமைகள் சரிந்து மூச்சுத் தசைகள் செயலிழக்கலாம். அந்நிலையில் கடிவாயைக் கீறாமலும் இறுகக் கட்டாமலும் கைகாலை அசையாதபடி வைத்து, மூச்சு தளரும்போது முகமூடியோடு இணைந்த காற்றுப்பையை அமுக்கி, விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனை வரை உயிரைப் பிடித்துவைப்பவர் உதவியாளரே. பூச்சிமருந்து குடித்தவரானால், நனைந்த உடையைக் களைந்து தோலைக் கழுவி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் பொங்கும் நுரையை உறிஞ்சியெடுக்கிறார். ஓடும் வண்டியில் பிள்ளை பிறந்தால் தொப்புள்கொடிக்குக் கவ்வியிட்டுக் குழந்தையைத் துடைத்துத் தாயின் மார்பில் கிடத்துகிறார். கட்டுப்பாட்டு மையத்து மருத்துவர் தொலைபேசியில் வழிகாட்டினாலும், செய்யும் கை இவருடையது.

இத்தனை பொறுப்புள்ள பணிக்குச் செவிலியப் படிப்பு முடித்தவரையும், ஆய்வக நுட்பப் பட்டயம் பெற்றவரையும், விலங்கியல், தாவரவியல் பட்டதாரிகளையும் தேர்ந்தெடுத்து ஏறத்தாழ 50 நாள் பயிற்சி தருவது வழக்கமாயிற்று. இதனால், ஒரே வேலை செய்யும் இருவரில் செவிலியருக்கு மன்றப் பதிவு எண் இருக்க, தாவரவியல் பட்டதாரிக்கு எந்த ஏட்டிலும் பெயரில்லாத நிலை உருவானது. 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழிலர்களுக்கான தேசிய ஆணையச் சட்டமே அவசர மருத்துவத் தொழில்நுட்பரைத் தன் அட்டவணையில் சேர்த்து, மாநில மன்றத்தையும் பதிவேட்டையும் விதித்தது. இரண்டு முதல் நான்காண்டு வரை பரவிய, 2,000 மணி நேரத்துக்குக் குறையாத படிப்பை அது தகுதியாக்குகிறது. 50 நாளுக்கும் இதற்குமுள்ள இடைவெளியில்தான் இன்று பணியில் இருப்போர் நிற்கின்றனர்.

இவ்விடைவெளியைக் கவனிக்காமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரம் சான்று. அங்கு 1967இல் தொடங்கிய ஃப்ரீடம் ஹவுஸ் அவசர ஊர்திச் சேவையில், ஏழைக் கறுப்பினக் குடியிருப்பின் இளைஞர்கள் உயர்ந்த பயிற்சி பெற்று அந்நாட்டின் பாராமெடிக் பணிக்கே முன்னோடிகளாயினர். 1975இல் நகராட்சி தன் சொந்தச் சேவையைத் தொடங்கி ஃப்ரீடம் ஹவுஸை மூடியபின், அவர்களுள் பலர் தொழிலிலிருந்தே ஒதுக்கப்பட்டனர்.

படுகையின் உதவியாளர்களுக்கு அந்நிலை வரலாகாது. உயர்ந்த படிப்பைக் கோருவது நோயாளியின் பாதுகாப்புக்குத் தேவையானதே. ஆயினும் கூடுதல் பாடங்களையும் தேர்வையும் பணியிலிருந்தபடியே முடிக்க வழி செய்து, பணியாண்டுகளையும் தகுதியில் சேர்ப்பதே நியாயம். கம்பவுண்டருக்கு 1948இல் ஐந்தாண்டுப் பணி தகுதியாயிற்று. 108 உதவியாளரோ ஒவ்வொரு நோயாளிக்கும் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், செய்த முதலுதவி ஆகியவற்றைக் குறித்த படிவத்தை நிரப்புவதால், அவருடைய பட்டறிவை மன்றம் சரிபார்ப்பதற்கான எழுத்துச் சான்று அவருடைய கையெழுத்திலேயே இருக்கிறது.