‘அல்லாதது’ பிறந்த கதை

‘மாடு இல்லை’ என்றால் தொழுவம் காலி. ‘மாடு அல்ல’ என்றால் தொழுவத்தில் ஏதோ ஒன்று நிற்கிறது. நம் மொழி இந்த இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. சிக்கல் அடுத்த அடியில்தான். மாடு அல்லாதவை எவை? ஆடு, கழுதை, சரி. நிலா? திங்கட்கிழமை? ஏழு என்ற எண்? இவையும் மாடு அல்லவே!

இந்தத் தலைவலி பழையது. ‘மனிதன் அல்லாதது’ என்பதை முழுப் பெயராக ஏற்க அரிஸ்டாட்டில் மறுத்துவிட்டார். எதையும் வரையறுக்காத பெயர் என்று ஓரமாக வைத்தார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு அதற்கு வேலி போட்டவர், 1806இல் மதுரையில் பிறந்த அகஸ்டஸ் டி மார்கன். அப்பா கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரி. கைக்குழந்தையாகவே இங்கிலாந்துக்குப் போய்விட்டதால் மதுரை அதிகம் பெருமைப்பட இடமில்லை. கேம்பிரிட்ஜில் மதச் சோதனைக்குக் கையெழுத்திட மறுத்து, அங்கே உயர வழியில்லாமல், 1828இல் லண்டனில் புதிதாகத் திறந்த பல்கலைக்கழகத்தில் கணக்குப் பேராசிரியரானார்.

1846இல் எழுதிய கட்டுரையிலும் மறு ஆண்டு வந்த புத்தகத்திலும் அவர் சொன்னது எளிமையானது. நாம் பேசும்போது உலகம் முழுவதையும் பேசுவதில்லை. ஏதோ ஓர் எல்லைக்குள்தான் பேசுகிறோம். மனிதர்களைப் பற்றிப் பேச்சு என்றால் பிரிட்டானியர், அந்நியர் என்ற இரண்டே பிரிவு. எவரும் இரண்டிலும் இருக்க முடியாது, இரண்டுக்கும் வெளியேயும் இருக்க முடியாது. நிலாவுக்கு அங்கே வேலையில்லை. அந்த எல்லைதான் பள்ளிப் புத்தகத்தில் ‘அனைத்துக் கணம்’. ஒரு பிரிவு போக அதில் மிச்சம்தான் ‘நிரப்புக் கணம்’. ஒரு பிரிவுக்குப் பெரிய எழுத்து X, அது அல்லாததற்குச் சிறிய x என்று குறித்தார். பார்க்க அழகு, படிக்கும் கண்ணுக்குத் தண்டனை. அதே 1847இல் கணித அறிஞர் ஜார்ஜ் பூலும் தன் சிறு நூலை வெளியிட்டார். அவர் முறையில் எல்லாம் சேர்ந்தது 1, x அல்லாதது 1−x. புழங்க எளிது பூலுடையதுதான்.

ஆனால் பூல் தொடாத ஒன்றை 1860இல் டி மார்கன் தொட்டார்: உறவு. மனிதன் ஒரு விலங்கு, ஆகவே மனிதனின் தலை விலங்கின் தலை. குழந்தைக்கும் புரியும் இதைப் பழைய தருக்கத்தால் நிறுவ முடியவில்லை, காரணம் ‘இன்’ என்ற அந்த உருபு. ஆகவே உறவுகளையே பொருள்களாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் மறுதலையும் நிரப்பியும் கொடுத்தார். ‘பெற்றோர்’ என்பதைத் திருப்பினால் ‘பிள்ளை’. மறுத்தால் ‘பெற்றோர் அல்லாதவர்’. மறுத்துத் திருப்பினாலும் திருப்பி மறுத்தாலும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்வோம்.

திருப்புவதும் மறுப்பதும் சேர்ந்து வேலை செய்வதைப் பாருங்கள். பெற்றோரைப் பெற்றவர் தாத்தா பாட்டி. ஒரு பெரியவர் எனக்குத் தாத்தா அல்ல என்றால், அவர் பிள்ளைகளில் ஒருவரும் என்னைப் பெற்றவர் அல்ல. கல்யாண வீட்டில் உறவு முறை விசாரிக்கும் கிழவிகள் நொடியில் போடும் கணக்கு இது. டி மார்கன் இதற்குத் ‘தேற்றம் கே’ என்று பெயர் வைத்தார்.

பிறகு பியர்ஸ், ஷ்ரோடர் எனத் தருக்க அறிஞர்களிடையே கைமாறி டார்ஸ்கியிடம் வந்தது உறவுக் கணிதம். அதிலுள்ள எந்தக் கூற்றையும் எடுத்து மெய்யா பொய்யா என்று முடிவு காணும் பொது வழிமுறை கிடையாது என்று 1941இல் அவர் அறிவித்தார்.

வழிமுறை வேண்டுமென்றால் சொல்லும் திறனைக் குறைத்துக்கொள்ள வேண்டும்; அந்த நிழல் இன்றும் விழுகிறது. பொருள்களின் வகைகளையும் உறவுகளையும் கணினிக்குச் சொல்ல, ‘அவுல்’ என்ற மொழி 2004இல் தர நிர்ணயம் பெற்றது. ‘மாடு அல்லாதது’ என்ற வகையை அதில் எழுதலாம். ‘பெற்றோர்’ உறவைத் திருப்பிப் ‘பிள்ளை’ ஆக்கலாம். ‘பெற்றோர் அல்லாதவர்’ என்பதை ஓர் உறவாக எழுத மட்டும் அதில் சொல் கிடையாது.