சீனாவுக்கு எத்தனை விமானந்தாங்கிகள் வேண்டும்?

சீனக் கடற்படையின் மூன்றாவது விமானந்தாங்கிக் கப்பலான ஃபூஜியான், 2025 நவம்பர் 5 ஆம் திகதி ஹைனான் தீவின் சன்யா துறைமுகத்தில் சேவையில் இணைக்கப்பட்டது. லியாவ்நிங் 2012 இலும் ஷான்டொங் 2019 இலும் இணைக்கப்பட்டிருந்தன. 2035 ஆம் ஆண்டளவில் மேலும் 6 கப்பல்களைப் பெற்று மொத்தத்தை 9 ஆக்குவதே பீஜிங்கின் நோக்கம் என 2025 டிசம்பரில் வெளியான பென்டகன் அறிக்கை கூறுகின்றது. எட்டியாந்தோட்டையில் இறப்பர் பால் வெட்டும் தொழிலாளிக்கும் மாவனெல்லையில் கடை நடத்தும் வர்த்தகருக்கும் இது தமக்குத் தொடர்பில்லாத வல்லரசுகளின் விவகாரமாகத் தோன்றலாம். அவ்வாறு ஒதுக்கிவிட முடியாது என்பதே எமது கருத்தாகும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு நாட்டிடம் மூன்று விமானந்தாங்கிகள் இருந்தால் அம்மூன்றும் ஒரே வேளையில் கடலில் நிற்பதில்லை. ஒன்று பணியில் இருக்கும்போது மற்றொன்று பழுதுபார்ப்புத் தளத்தில் கிடக்கும். மூன்றாவது விமானிகளையும் மாலுமிகளையும் பயிற்றுவித்துக்கொண்டிருக்கும். மூன்றுக்கு ஒன்று என்பதே கடற்படைகள் அனுபவத்தில் கண்ட விகிதம். பணிப் பிரதேசம் தாய்த் துறைமுகத்திலிருந்து விலகியிருந்தால் போகவரச் செலவாகும் நாட்களும் கழிந்துபோகும். அமெரிக்கா 11 விமானந்தாங்கிகளுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டுமெனச் சட்டமே இயற்றியிருப்பதற்கும், இரண்டை மாத்திரம் வைத்திருக்கும் இந்தியாவில் மூன்றாவது வேண்டுமென்ற குரல் ஓயாமல் ஒலிப்பதற்கும் இதுவே காரணம்.

ஆகவே எத்தனை என்ற கேள்விக்கு விடை, எந்தக் கடலில் என்பதிலேயே தங்கியுள்ளது. தாய்வான் நீரிணையில் சீனாவுக்கு விமானந்தாங்கி பெரிதும் தேவையில்லை. பெருநிலப்பரப்பின் விமானத் தளங்களும் ஏவுகணைகளும் அப்பணியைச் செய்யும். தென்சீனக் கடலிலோ பவளப் பாறைகளின் மீது செயற்கைத் தீவுகளை எழுப்பி ஓடுபாதைகளை அமைத்தாயிற்று. அண்மைக் கடல்களுக்கு மாத்திரமென்றால் இப்போதுள்ள மூன்றே போதும், கௌரவத்துக்கும் போதும். ஆறு, ஒன்பது என்று எண்ணிக்கை உயர்வதாயின் அது தூரக் கடலுக்கான ஏற்பாடென்றே கொள்ள வேண்டும். ஒரு பகுதி மேற்குப் பசுபிக்குக்குரியது. மற்றைய பகுதி எமது இந்து சமுத்திரத்துக்குரியது. சீனா இறக்குமதி செய்யும் மசகெண்ணெயின் பெரும்பகுதி இலங்கையின் தென்கரையை ஒட்டிய கப்பற்பாதையாலும் மலாக்கா நீரிணையாலுமே செல்கின்றது. 2008 டிசம்பரில் கடற்கொள்ளையரை ஒடுக்கவெனப் புறப்பட்ட சீனப் போர்க்கப்பல் அணி, அன்றிலிருந்து முறைமாறி முறைமாறி ஏடன் வளைகுடாவில் நின்று வருகின்றது. 2017 இல் ஜிபுட்டியில் தளமும் திறக்கப்பட்டது. இக்கடலில் எந்நாளும் ஒரு விமானந்தாங்கியை நிறுத்துவதற்கு மாத்திரம் மூன்று தேவை. சொந்தக் கடலுக்கான மூன்றையும் கூட்டினால் ஆறாகும். ஆறுக்குக் கீழே சீன விமானந்தாங்கி எமக்கு அருகில் வந்துபோகும் விருந்தாளி. ஆறுக்கு மேலே அது அயலவர்.

எண்ணிக்கை மாத்திரம் வலிமையாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். இதற்கு நாம் தொலைவுக்குப் போகத் தேவையில்லை. 1942 ஏப்ரல் 5 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானின் ஐந்து விமானந்தாங்கிகளிலிருந்து எழுந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாட்களின் பின்னர் திருகோணமலை தாக்கப்பட்டது. அன்றைய தினமே மட்டக்களப்புக் கடலில் பிரித்தானியாவின் ஹெர்மிஸ் மூழ்கடிக்கப்பட்டது. விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்ட உலகின் முதலாவது கப்பல் அது. ஆனால் அக்காலையில் அதன் தளத்தில் விமானங்கள் இருக்கவில்லை. கரையிலிருந்து கோரப்பட்ட விமானப் பாதுகாப்பும் உரிய வேளையில் வந்து சேரவில்லை. 300 க்கும் அதிகமானோர் மாண்டனர். விமானமும் தேர்ந்த விமானியும் இல்லாத விமானந்தாங்கி வெறும் இலக்கு மாத்திரமே. சீனாவும் இப்பாடத்தை அறிந்தே நடந்திருக்கின்றது. உக்ரேனில் பாதியில் விடப்பட்டிருந்த சோவியத் கப்பலொன்று, மிதக்கும் சூதாட்ட விடுதியாக்கப் போவதாகக் கூறி 1998 இல் 20 மில்லியன் டொலருக்கு வாங்கப்பட்டது. அதுவே பதினான்கு ஆண்டுகளின் பின்னர் லியாவ்நிங்காகச் சேவைக்கு வந்தது. (சூதாட்ட விடுதி திறக்கப்படவேயில்லை.) விமானங்களை மின்காந்த விசையால் உந்திச் செலுத்தும் ஃபூஜியானுக்கு மேலும் பதின்மூன்று ஆண்டுகள் சென்றன.

அந்த 1942 ஆம் ஆண்டின் கதை கடலோடு முடியவில்லை. மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பானிடம் வீழ்ந்ததும் நேச நாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பரின் பெரும்பங்கு இலங்கையிலிருந்தே கிடைக்க வேண்டியதாயிற்று. கேகாலை, இரத்தினபுரி, களுத்துறை மாவட்டங்களின் இறப்பர் மரங்கள், பட்டை ஆறுவதற்கும் அவகாசமின்றி, மரம் செத்தாலும் பரவாயில்லையென்று வெட்டப்பட்டன. யுத்தம் முடிந்தபோது தோட்டங்களில் எஞ்சியவை சக்கையாகிப்போன மரங்கள். கடலில் விமானந்தாங்கிகள் மோதியதன் விலையை, கடலையே காணாத தொழிலாளர்கள் மலைச்சாரலில் செலுத்தினர்.

பத்து ஆண்டுகளின் பின்னர் அதே இறப்பர் இலங்கையைச் சீனாவுடன் பிணைத்தது. கொரிய யுத்தத்தையொட்டி, சீனாவுக்குப் போர்த் தேவைப் பொருட்களை விற்கலாகாதென ஐக்கிய நாடுகள் சபை 1951 இல் தடை விதித்திருந்தது. இலங்கையோ அப்போது அச்சபையின் உறுப்பு நாடு அன்று. இறப்பர் விலை சரிந்து அரிசி விலை ஏறியிருந்த வேளையில், வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனாநாயக்க 1952 டிசம்பரில் பீஜிங்கில் ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டார். ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் போய், 270,000 தொன் அரிசி வந்தது. இறப்பருக்குச் சந்தை விலையிலும் கூடுதலாகவே சீனா கொடுத்தது. அமெரிக்கா உதவியை மறுத்தது, இலங்கை பணியவில்லை. இதனை நம் வெளியுறவு வரலாற்றின் துணிவான முடிவுகளில் ஒன்றாக நாம் மதிக்கின்றோம். ஆயினும் அந்த இறப்பரைத் தந்த தோட்டத் தமிழர் 1948 இன் சட்டத்தால் குடியுரிமை இழந்து, அதே 1952 இன் பொதுத்தேர்தலில் வாக்களிக்க முடியாதிருந்தனர் என்பதையும் உடன் நினைவுகூர வேண்டும்.

அன்று சீனாவிடம் சொல்லத்தக்க கடற்படை இருக்கவில்லை. கொடுக்கல் வாங்கல் இரு தேவைகளுக்கு இடையே நடந்தது. இன்று நிலைமை வேறு. 2014 இல் சீன நீர்மூழ்கி கொழும்புக்கு வந்தது. 2017 இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சென்றது. 2022 ஓகஸ்டில் யுவான் வாங் 5 அங்கு நங்கூரமிட்டபோது புதுடில்லி கொதித்தது. அத்தகைய நெருக்குதலின் பின்னரே, வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கு இலங்கை 2024 ஜனவரி முதல் ஓராண்டுத் தடை விதித்தது. ஆறாவது விமானந்தாங்கி கடலில் இறங்கும் நாளில் அதற்கு எரிபொருளும் குடிநீரும் உணவும் தர ஒரு துறை வேண்டியிருக்கும். விமானந்தாங்கியைக் கட்டுவதற்குச் சீனாவுக்கு எமது தயவு தேவையில்லை. இக்கடலில் அதை நிறுத்தி வைப்பதற்கே தேவைப்படும். அக்கோரிக்கை கடன் மீள்செலுத்துகை பற்றிய பேச்சுவார்த்தை மேசையில் வந்து நிற்பதற்கு முன்னரே, எந்தக் கொடியுடைய விமானந்தாங்கிக்கும் ஒரே விதி என்பதைப் பாராளுமன்றம் சட்டமாக்கி வைப்பது நல்லது.

சீனக் கப்பற்படை இக்கரைக்குப் புதிதன்று. முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த தளபதி செங் ஹே நாட்டிய 1409 ஆம் ஆண்டுக் காலிக் கல்வெட்டு கொழும்புத் தேசிய நூதனசாலையில் உள்ளது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தேனவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் அது காணிக்கை கூறுகின்றது. மும்மொழியிலும் இவ்வளவு பணிவாகப் பேசிய அதே படை, சில காலத்தில் இந்நாட்டின் ஆட்சியாளர் அழகக்கோனாரைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டு சென்றது.

சப்ரகமுவவுக்கு இதில் இன்றும் பங்குண்டு. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தாழ்நிலத் தேயிலை ஈராக்குக்கும் துருக்கிக்கும் ரஷ்யாவுக்கும் கடல்வழியே செல்கின்றது. 2023 நவம்பரில் செங்கடலில் ஹூதிகளின் தாக்குதல்கள் தொடங்கியபோது அமெரிக்கா விமானந்தாங்கியை அனுப்பியது. அப்படியிருந்தும் வணிகக் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றியே சென்றன. ஏறிய கப்பற் கூலி தேயிலை வருமானத்திலிருந்தே கழிகின்றது.

விமானந்தாங்கி இம்மக்களுக்கு வேறொரு முகத்தோடும் வந்ததுண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி தாக்கி, கண்டி, பதுளை, நுவரெலியா, கேகாலை மாவட்டங்களில் மலைகள் சரிந்தபோது, இலங்கைக் கடற்படையின் 75 ஆவது ஆண்டு விழாவுக்காக இந்தியாவின் விக்ராந்த் கொழும்பில் நின்றது. அதன் நிவாரணப் பொருட்கள் கரையிறக்கப்பட்டன. ஹெலிகொப்டர்கள் தேடுதல், மீட்புப் பணிக்கு எழுந்தன. 2016 மே மாதம் அரநாயக்க மலை சரிந்த நாளில், புளத்கொஹுபிட்டிய தோட்டத்து லயன் அறைகளும் மண்ணில் புதைந்தன. அன்று கொழும்பில் அத்தகைய கப்பலொன்று நின்றிருக்கவில்லை.