அரைக் கோப்பை சுருக்கம்

போன கிழமை போர்டிங்கில சிநேகிதி ஒருத்தி ஆங்கில பிஸ்கட் செய்முறை ஒன்றைப் போனில தமிழாக்கிப் பார்த்தாள். "அரைக் கோப்பை சுருக்கம் சேர்க்கவும்" எண்டு வந்திச்சு. சிரிச்சு முடிய, ஷோர்ட்டனிங் என்ற அந்தச் சொல்லைத் தேடத் தொடங்கினன்.

ஆங்கிலத்தில் 'ஷோர்ட்' என்பதற்குக் குட்டை என்பதோடு, இலேசாக நொறுங்குவது என்ற பொருளும் உண்டு. 15ஆம் நூற்றாண்டிலேயே அது சமையல் குறிப்புகளில் இருக்கு. ஷோர்ட்பிரெட் அந்த வழிதான். கோதுமை மாவில் தண்ணீர் பட்டுப் பிசைந்தால் குளுட்டன் நீள நீளமாய்ப் பின்னும். பாணுக்கு அது வேணும், பிஸ்கட்டுக்கு வேண்டாம். கொழுப்பு மாவைப் பூசிக்கொண்டு அந்தப் பின்னலை நீளவிடாது. அப்பிடிப் பாத்தா வெண்ணெய், பன்றிக்கொழுப்பு எல்லாமே ஷோர்ட்டனிங்தான்.

1911இல் கதை மாறுது. அமெரிக்காவில் சவர்க்காரமும் மெழுகுதிரியும் செய்த ப்ரொக்டர் அன்ட் கேம்பிள் கம்பனி, பருத்திக்கொட்டை எண்ணெயில் ஐதரசனை ஏற்றி வெள்ளைக் கட்டியாக்கி விற்றது. எண்ணெயைக் கட்டியாக்கும் முறைக்கு ஜேர்மன் வேதியியலாளர் வில்ஹெல்ம் நோர்மன் 1902இலேயே காப்புரிமை எடுத்திருந்தார். புதுக் கொழுப்பின் பெயர் கிறிஸ்கோ. 'கிறிஸ்டலைஸ்ட் கொட்டன்சீட் ஒயில்' என்பதன் சுருக்கம். ஷோர்ட்டனிங்குக்குப் பெயரே ஒரு ஷோர்ட்டனிங்!

நாங்களும் பெயர்களைக் குறுக்குற ஆக்கள்தான். தஞ்சாவூர் தஞ்சை ஆகும், இலக்கணத்தில் அதுக்கு மரூஉ எண்டு பெயர். ஆனால் தஞ்சை எண்டால் எந்த ஊர் எண்டு கேக்கிற ஆளுக்குத் தெரியும். கிறிஸ்கோ எண்டு கேட்ட ஆளுக்குப் பருத்தி கேக்காது. பருத்திக்கொட்டையோ ஒரு காலத்தில் பஞ்சாலைகள் கழிச்சுவிட்ட குப்பை. கம்பனி சமையல் புத்தகங்களை அச்சிட்டுக் கொடுத்து அதை அடுப்படிக்குள் கொண்டுபோனது. பன்றிக்கொழுப்பும் ஆகாது, இறைச்சியோடு வெண்ணெயும் ஆகாது என்றிருந்த யூத வீடுகளுக்கு அது உண்மையிலேயே உதவியது, அதையும் சொல்லத்தான் வேணும்.

அரைகுறையாய் ஐதரசன் ஏற்றினால் உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கூடாது எண்டு பிறகுதான் தெரிஞ்சது. 2015இல் அமெரிக்கா அந்த எண்ணெய்களைப் பாதுகாப்பான உணவுப் பட்டியலில் இருந்து எடுத்தது.

சிநேகிதி கடைசியில மாஜரின்தான் போட்டாள். பெட்டியின்ர பின்பக்கத்தை ரெண்டு பேருமாய் வாசிச்சம். 'தாவர எண்ணெய்கள்' எண்டு இருந்திச்சு. எந்தத் தாவரம் எண்டு போடேல்ல.